திருச்சிச் சங்கிலியும் கம்பிப் பின்னல் நகைத் தொழிலும்

திருச்சிராப்பள்ளி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மலைக்கோட்டையும் காவிரியும் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு மக்களுக்கோ அவ்வூரின் பெயர் வேறு இரு பொருள்களை நினைவூட்டியது. ஒன்று சுருட்டு. மற்றொன்று, பொன்னிலும் வெள்ளியிலும் மெல்லிய கம்பியைக் கொண்டு செய்யப்பட்ட சங்கிலி. இச்சங்கிலி அந்நாட்டாருக்கு எவ்வளவு பழக்கமாகிவிட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. தங்கள் நாட்டு மண்ணிலிருந்து கிடைத்த பழங்காலக் கம்பிப் பின்னல்களுக்கு, தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் தம் மொழியில் வேறு பெயர் தேடவில்லை. ‘திருச்சினாப்பள்ளி வேலை’ என்றே எழுதினார்கள். இன்றும் அச்சொல் அவர்களிடையே வழங்கி வருகிறது.

1774ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியில், ட்ரூயிடில் என்ற இடத்தில், வெள்ளீயத்திற்காக மண்ணைத் தோண்டியவர்களுக்கு ஒரு புதையல் அகப்பட்டது. அதிலிருந்த நாணயங்களைக் கொண்டு, ஏறக்குறைய 868ஆம் ஆண்டில் அது புதைக்கப்பட்டிருக்கவேண்டும் என்று கணித்துள்ளனர். வெள்ளிக் கம்பியால் பின்னப்பட்ட சாட்டை போன்றதொரு பொருள் அப்புதையலில் இருந்தது. இப்பொழுது அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வட ஐரோப்பிய நாடுகளிலும், வைக்கிங்குகள் என்ற கடலோடி மக்களின் கல்லறைகளில் இவ்வகைப் பின்னல்கள் கிடைத்துள்ளன. ஆகவே இதற்கு ‘வைக்கிங் பின்னல்’ என்ற பெயரும் உண்டு.

இதைக் கொண்டு, நம் பொற்கொல்லர் எவரோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிச் சென்று அம்மக்களுக்குத் தொழில் கற்பித்தார் என்று மேடையில் பேசிவிடலாகாது. பெயர் பிற்காலத்தில் வந்தது, அவ்வளவே. கம்பியும் குச்சியும் பொறுமையும் உள்ள இடத்தில் இவ்வேலை தானே தோன்றக்கூடியது. அதனால்தான் இதை நம் கிராமங்களிலும் தொடங்க முடியும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் இத்தொழிலைத் தொடங்கிப் பார்த்தோம். அதில் நேர்ந்த நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்வதாக இருக்கிறேன். வேறு ஊராட்சிகளில் அதே நஷ்டம் நேராமலிருக்க அது உதவும்.

முதலில் பின்னல் என்பது யாது எனத் தெளிவு செய்துகொள்ளவேண்டும். நெசவில் பாவும் ஊடுமாக இரண்டு வகை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. சாதாரணச் சங்கிலியில் தனித்தனி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டப்பட்டு, வாய் பற்றவைக்கப்படுகின்றன. பின்னலிலோ ஒரே கம்பி வளைந்து வளைந்து, தான் முன்பு போட்ட கண்ணிக்குள் தானே புகுந்து செல்கிறது. மீன் வலை பின்னுகிறவரையும், கம்பளி பின்னுகிற பெண்மணியையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இம்முறையில் நெருப்பும் வேண்டுவதில்லை, பற்றாசும் வேண்டுவதில்லை. உலை வைத்திராத வீட்டிலும் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய நகை வேலை இது ஒன்றே எனலாம்.

கம்பியை நூலாகக் கருதும் இவ்வழக்கம் பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்க நாட்டு நகைக் கலைஞர் அர்லைன் ஃபிஷ் என்ற அம்மையார் (1931–2024) நெசவு, பின்னல், முடைதல் ஆகிய முறைகளை உலோகத்தில் செய்யும் விதம் குறித்து 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளிக் கம்பியைக் கம்பளி போலவே பின்னிக் கழுத்தணிகளும் காப்புகளும் செய்து காட்டினார். கம்பிப் பின்னலைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் அந்நூலைத் தாண்டிச் செல்வது அரிது.

இனிக் கம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். தொழிலில் பாதி கம்பியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. எங்களுக்கு நேர்ந்த இடரும் அதில்தான் நேர்ந்தது.

பழகுவதற்கு ஏற்றது செம்புக் கம்பி. அது எங்கே கிடைக்கும் என்று நகரத்து நகைக் கடைகளைத் தேடி அலையவேண்டியதில்லை. நம் வேளாண் பெருமக்கள் யாவருக்கும் தெரிந்த இடத்தில் அது இருக்கிறது. பம்பு செட்டு மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டக் கொண்டுபோகும் கடையே அந்த இடம். அங்கே வார்னிஷ் பூச்சுள்ள புதுச் செம்புக் கம்பியை எடைக்கு விற்பார்கள். அப்பூச்சு இருப்பதால் கம்பி விரைவில் கறுக்காது. ஆனால் எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய பழங்கம்பியை மலிவென்று வாங்கலாகாது. அதன் பூச்சு கருகி உதிரும். கம்பியும் ஒரே பருமனாக இராது. பூச்சை நீக்குவதற்காக அதை நெருப்பிலிட்டுக் கொளுத்துவது இன்னும் கெடுதல். அப்புகை நுரையீரலுக்கு நஞ்சு.

கம்பியின் பருமனை எண்ணால் குறிப்பது வழக்கம். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். இதில் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் பெரும்பாலும் வழங்குவது பிரிட்டிஷ் முறை எண். வெளிநாட்டுப் புத்தகங்களில் காண்பது பெரும்பாலும் அமெரிக்க முறை எண். 26 என்பது முதல் முறையில் 0.457 மில்லிமீட்டர், இரண்டாவது முறையில் 0.405 மில்லிமீட்டர். புத்தகத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லி வாங்கினால் கைக்கு வருவது வேறு கம்பியாக இருக்கும். ஆகவே மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவதே உத்தமம். சங்கிலிப் பின்னலுக்கு 0.4 மில்லிமீட்டரை ஒட்டிய கம்பி கைக்கு இசைவானது. பிரிட்டிஷ் முறையில் 28ஆம் எண்ணுடைய செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் எடையிருக்கும். எனவே ஒரு கிலோ வாங்கினால் சுமார் ஆயிரம் மீட்டர் கிடைக்கும். கணக்குப் பார்க்க இது வசதியானது.

செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களுக்கு ஒரு குணம் உண்டு. வளைக்க வளைக்க அவை விறைத்துக்கொண்டே போகும். வீடு கட்டும்போது கட்டுக்கம்பியைக் குறடு இல்லாமல் எப்படி ஒடிக்கிறோம்? இப்படியும் அப்படியும் நாலைந்து முறை மடக்கினால் ஒடிந்துவிடுகிறது. பின்னலிலும் இதுவே நிகழும். ஒரு கண்ணி சரியாக விழவில்லை என்று பிரித்துப் பிரித்துப் போட்டால் மூன்றாவது முறை கம்பி அங்கே முறியும். கம்பளியைப் பிரிப்பது போல் இதைப் பிரிக்க இயலாது. விறைத்த கம்பியை மங்கிய செந்நிறம் வரும் வரை சூடேற்றினால் மறுபடி மென்மையடையும். வெற்றுக் கம்பிக்கு மட்டுமே இது பொருந்தும். வார்னிஷ் பூச்சுள்ளதற்கு ஆகாது. மெல்லிய கம்பி கண்ணிமைக்கும் நேரத்தில் உருகியும் போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் கெட்டுப்போன துண்டைக் கழித்துவிட்டுப் புதுத் துண்டு எடுப்பதே நல்லது.

திருச்சிச் சங்கிலிக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: பென்சில் பருமனுள்ள வழவழப்பான மரக்குச்சி ஒன்று, வெட்டுக் குறடு ஒன்று, மூக்குக் குறடு ஒன்று, துளையிட்ட பலகை ஒன்று. பலகை வேலமரம் போன்ற கெட்டியான மரத்தில் இருக்கவேண்டும். அதில் 9 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை ஒவ்வொன்றாகக் குறைந்து செல்லும் துளைகளைத் தச்சரிடம் போட்டுக்கொள்ளவேண்டும். துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குவது இன்றியமையாதது. பொற்கொல்லர்கள் கம்பி இழுப்பதற்கு வைத்திருக்கும் கம்பியச்சு என்னும் எஃகுத் தட்டின் அண்ணன் என்று இப்பலகையைச் சொல்லலாம்.

முதலில் சற்றுத் தடித்த கம்பியில் ஆறு நீண்ட வளையங்கள் செய்து, ஒரு முனையில் சேர்த்துக் கட்டிக்கொள்ளவேண்டும். விரித்தால் அது ஆறிதழ்ப் பூப்போல இருக்கும். கட்டிய முனை குச்சியின் உச்சியில் வரும்படி அப்பூவைக் கவிழ்த்து, இதழ்களைக் குச்சியின் பக்கங்களில் சமதூரத்தில் மடக்கிவிடவேண்டும். இப்பூ சங்கிலியில் சேராது. வேலை முடிந்ததும் வெட்டியெறியப்படும். பயிருக்கு நாற்றங்கால் எப்படியோ, பின்னலுக்கு இது அப்படி.

அடுத்து, ஒரு மீட்டருக்கு மிகாமல் மெல்லிய கம்பியை வெட்டிக்கொள்ளவேண்டும். அதிகம் வெட்டினால் முறுக்கு விழும். கம்பியின் நுனியை ஓர் இதழின் அடியில் வலப்புறமிருந்து இடப்புறமாக நுழைத்து இழுத்து, வந்த வழியையே முன்பக்கமாகக் குறுக்கே கடந்து வலப்புறம் கொண்டுசெல்லவேண்டும். இப்போது இதழில் ஒரு சிறு கண்ணி தொங்கும். அதன் மேற்புறத்தில் கம்பி கம்பியைக் கடந்த இடம் ஒரு பெருக்கல் குறிபோலத் தோன்றும். இதேபோல் அடுத்தடுத்த இதழ்களிலும் கண்ணி போட்டு ஒரு சுற்று முடிக்கவேண்டும். இரண்டாம் சுற்றில் இதழில் நுழைப்பதில்லை. மேற்சுற்றில் உண்டான பெருக்கல் குறியின் பின்புறமாக நுழைத்துக் கண்ணி போடவேண்டும். பிறகு எத்தனை சுற்றானாலும் வேலை இது ஒன்றுதான். கண்ணிகள் ஒரே அளவாக விழுவதுதான் கைத்திறமை. அது சொல்லி வருவதன்று. பத்து நாள் பழக்கத்தில் வரும். பழகியபின், ஒரு சுற்றுக்குப் பதில் மேலுள்ள இரண்டு சுற்றுக்களின் குறிகளையும் சேர்த்துப் பின்புறம் நுழைத்தால் இரட்டைப் பின்னல் கிடைக்கும். நெருக்கமும் கனமும் உடைய அழகிய வேலை அது.

கம்பி ஐந்தாறு சென்டிமீட்டர் எஞ்சியிருக்கும்போது புதுக்கம்பி சேர்க்கவேண்டும். புதியதன் வாலை ஒரு கண்ணி வரிசையின் அடியில் மேல்நோக்கிச் செருகி, பழைய முனையும் அதனோடு சேர்ந்து அடுத்த கண்ணியில் பிடிபடும்படி பின்னிச் செல்லவேண்டும். பின்பு இரு முனைகளையும் குட்டையாக வெட்டி, மூக்குக் குறட்டால் குழலின் உட்புறம் தள்ளிவிடவேண்டும். இந்த ஒரு காரியத்தில் அசட்டையாக இருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண். சேலையில் மாட்டி இழுக்கும் சங்கிலியையோ கழுத்தில் குத்தும் சங்கிலியையோ எந்தப் பெண்மணியும் இரண்டாவது நாள் அணியமாட்டாள்.

வேண்டிய நீளம் பின்னியதும் குச்சியிலிருந்து கழற்றினால் அது விறைப்பான, கோணல்மாணலான ஒரு குழலாக இருக்கும். இதுவா நகை என்று முகம் சுளிக்கத் தோன்றும். பலகைத் துளைகளின் வழியே, பெரியதிலிருந்து சிறியதாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முறை இழுக்கும்போதுதான் விந்தை நிகழ்கிறது. அகன்ற கண்ணிகள் நீண்டு ஒடுங்குகின்றன, கோணல்கள் மறைகின்றன, குழல் நீளத்தில் ஒன்றேகால் மடங்கோ அதற்கு மேலோ வளர்ந்து, கயிறு போலத் துவள்கிறது. முதன்முதல் இதைக் கண்ட எங்கள் மாதர் குழுவினர் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. பிறகு தொடக்கப் பூவை வெட்டி நீக்கி, இரு முனைகளிலும் பூண் மாட்டி, கொக்கியும் வளையமும் சேர்த்தால் சங்கிலி முடிந்தது. கழுத்துச் சங்கிலி ஒன்றுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி செல்லும். செம்பானால் அது சுமார் 20 கிராம். வெள்ளியானால் சுமார் 23 கிராம்.

இதைக் காட்டிலும் எளிய முறைகளும் இரண்டு உண்டு. பழைய மர நூற்கண்டுக் கட்டையின் தலையில் நான்கு ஆணிகள் அடித்து, கம்பியை ஆணிகளில் சுற்றி, கீழ்க்கண்ணியை மேற்கண்ணியின் மீதாக ஆணியைத் தாண்டி எடுத்துவிட்டால், கட்டையின் நடுத்துளை வழியே பின்னிய குழல் இறங்கி வரும். சிறுவர்கள் நூலில் விளையாட்டாகச் செய்வதுதான். மற்றொன்று குரோஷா ஊசியால் பின்னுவது. முன்னதாகவே கம்பியில் மணிகளைக் கோத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு மணியைத் தள்ளிப் பின்னினால், மணிகள் அந்தரத்தில் மிதப்பது போன்ற மாலை கிடைக்கும். இவ்விரண்டிற்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய கம்பி வேண்டும். கம்பிக்கு நூலைப் போல நெகிழும் தன்மை இல்லாததால் கண்ணியை இறுக்கிவிடாமல் தளர்வாகவே பின்னவேண்டும்.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். மானாவாரி நிலக்கடலையை நம்பியிருக்கும் ஒரு கிராமம். கடலை எடுத்து முடிந்ததும், தை மாதம் முதல் ஆடிப்பட்டம் வரை அங்கே பெண்களுக்கு வயல்வேலை மிகவும் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் மெழுகுவர்த்தி செய்யப் பயிற்சி என்று யாரோ வந்து, சான்றிதழ் கொடுத்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மெழுகுவர்த்தியும் விற்கவில்லை. ஆகவே 2022ஆம் ஆண்டு நாங்கள் சென்றபோது, “நிழற்படத்துக்கு நிற்கவேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள், நின்றுவிட்டு வேலைக்குப் போகிறோம்” என்றார் குழுத் தலைவி. அவர் சொன்னதில் தவறொன்றுமில்லை.

அவ்வூரில் முதிய பொற்கொல்லர் ஒருவர் இருந்தார். இயந்திரச் சங்கிலிகள் வந்தபின் அவரிடம் மூக்குத்தி திருகு சரிசெய்வது தவிர வேறு வேலை வருவதில்லை. எங்கள் கையிலிருந்த மாதிரிச் சங்கிலியை வாங்கி, விரலில் சுற்றிப் பார்த்து, “ஐயா, இது எங்கள் வேலையுமல்ல, உங்கள் வேலையுமல்ல; பூத்தொடுக்கிற கை செய்யவேண்டிய வேலை” என்றார். அதற்குப் பின்னரே பெண்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கம்பி இழுப்பது, முனையை மடக்குவது, பூந்திக்கொட்டை நீரில் அலசிப் பளபளப்பேற்றுவது ஆகியவற்றை அவரே கற்பித்தார். ‘தாத்தா’ என்று அழைத்தே அவரிடம் வேலை வாங்கினார்கள்.

பிழை நான் செய்தது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கடன் பெற்று முதற்சரக்கு வாங்கியபோது, ‘தங்க நிறக் கம்பி’ என்று ஒரு வியாபாரி காட்டியதை, விலை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக நான் சரியென்று சொன்னேன். பொற்கொல்லரைக் கேட்கவில்லை. அக்கம்பியில் நாற்பது காப்புகள் செய்து நகரத்துக் கடை ஒன்றுக்கு அனுப்பினோம். இரண்டு மாதத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. வியர்வை பட்ட இடங்களில் பூச்சுப் போய், அடியில் இரும்பு துருவேறியிருந்தது. பொற்கொல்லர் ஒன்றும் பேசாமல் பெட்டியிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்துக் காப்பின் மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது. அந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை. நான் அதைச் செய்திருக்கவேண்டும். பெண்கள் பன்னிரண்டு பேரின் ஒரு மாத உழைப்பு அதில் போயிற்று. கடன் தவணை மட்டும் நின்றது. அக்கடனைக் கட்டி முடிக்கும் வரை அத்தெரு வழியே போவது எனக்கு எளிதாயில்லை.

காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்காது. ‘ஜெர்மன் சில்வர்’ என்று வெள்ளைக் கம்பி ஒன்று விற்கிறது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பன செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவையே. நிக்கல் பலருடைய தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். காதுத் துளையில் அது இன்னும் அதிகம். ஐரோப்பிய நாடுகளில் உடலில் நெடுநேரம் படும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியலாகாது என்று சட்டம் வகுத்திருக்கிறார்கள். துளையில் மாட்டும் நகைக்கு 0.2 மட்டுமே. ஆகவே காதில் நுழையும் கொக்கியை மட்டுமாவது நல்ல வெள்ளியில் செய்வது என்று எங்கள் குழு முடிவு செய்தது. கூடுதல் செலவு சிறிதே. வெள்ளி என்று சொல்லி விற்கும் பொருளில் அதன் தரத்தையும் எழுதிவிடவேண்டும். 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பது பொருள்.

மற்றொரு செய்தி. குழுவில் மூன்று பேர் பதினைந்து நாளில் விலகிக்கொண்டார்கள். “எங்களுக்கு விரல் வராது” என்றார்கள். மூவரும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அவ்வூருக்குக் கண் பரிசோதனை முகாம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. குறை விரலில் இல்லை, வெள்ளெழுத்து. கண்ணாடி வந்தபின் அம்மூவரில் ஒருவரின் இரட்டைப் பின்னல்தான் இன்று குழுவில் மாதிரியாக இருக்கிறது. பயிற்சி தொடங்குமுன் கண்ணைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யாதது நான் செய்த இரண்டாவது பிழை. விரலைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்துவிட்டோம்.

வேளாண் மக்கள் வீட்டில் வேலை நடப்பதால் எச்சரிக்கை ஒன்று. வெட்டிய கம்பித் துணுக்கு தெறித்துக் கண்ணில் படக்கூடும். வெட்டும்போது முனையை விரலால் மூடிப் பிடிக்கவேண்டும். தரையில் விழும் துணுக்குகள் வைக்கோலில் கலந்தால் மாடு தின்றுவிடும். மாடு தீனியை மென்று பாராமல் விழுங்குவது. கூரிய கம்பித் துண்டு இரைப்பையைக் குத்தி, நெஞ்சுப்பையையும் எட்டி, மாட்டைக் கொன்றுவிடக்கூடும். கால்நடை மருத்துவரைக் கேட்டால் விவரம் சொல்வார். எனவே தொழுவத்தருகில் இவ்வேலையைச் செய்யலாகாது. ஒரு விரிப்பின் மேல் உட்கார்ந்து செய்து, துணுக்குகளை ஒரு டப்பாவில் சேர்க்கவேண்டும். செம்புத் துணுக்குக்குப் பழைய உலோகக் கடையில் விலையும் உண்டு.

வருமானம் என்ன என்று கேட்பீர்கள். பழகிய கைக்கும் ஒரு காப்புக்கு மூன்று மணி நேரம், கழுத்துச் சங்கிலிக்கு ஒரு பகல் முழுவதும் ஆகிறது. கம்பியின் விலை சிறிது, உழைப்பே முதல். ஆகவே ஒரு சங்கிலியின் விலையில் அவ்வூர் வயற்கூலி ஒரு நாளையது, கம்பி, பூண், கொக்கி ஆகியவற்றின் விலை, கடைக்காரர் பங்கு ஆகிய மூன்றும் அடங்காவிட்டால் அந்த வேலையை ஏற்கலாகாது. ராஜ்கோட்டிலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும் இயந்திர நகைகளின் விலைக்கு இறங்கிப் போட்டியிட நினைப்பது வீண். நம்முடையது கையால் செய்தது, தேய்ந்தாலும் அடியில் வேறு நிறம் தெரியாதது, அறுந்தால் செய்தவர்களே சரிசெய்து கொடுப்பது. இம்மூன்றுக்காக விலை கொடுப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். கைவினைக் கண்காட்சிகளிலும் கல்லூரி வளாகச் சந்தைகளிலும் அவர்களைக் காணலாம். இது வயல் வருமானத்துக்கு ஈடாகாது. வேலையற்ற மாதங்களில் கடனுக்குப் போகாமல் வீட்டுச் செலவை ஓட்ட உதவும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரை நம்பவேண்டாம்.

வெள்ளியில் தொடங்கலாமே என்று சில ஊராட்சி உறுப்பினர்கள் கேட்டதுண்டு. வெள்ளியின் விலை ஏறி இறங்கும் காலத்தில், வாங்கிய விலையே விற்கும்போது கிடைக்காமற்போகக்கூடும். மேலும் பழகாத கையில் பத்தில் ஒரு பங்கு துணுக்காகப் போகும். செம்பில் ஓராண்டு பழகி, கடைக்காரர் முன்பணம் கொடுத்துக் கேட்டால் மட்டும் வெள்ளியைத் தொடவேண்டும் என்பது என் கருத்து. செம்பு நகை வியர்வையில் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்பது உண்மை. நம் வீட்டுச் செம்புக் குடத்துக்குச் செய்வது போலப் புளியால் துலக்கினால் போகும். இதை ஒரு சிறு சீட்டில் எழுதி நகையோடு கொடுத்துவிட்டால் வாங்குபவர் குறை சொல்வதில்லை. பூச்சுள்ள கம்பியைத் துலக்கலாகாது என்பதையும் அச்சீட்டில் சேர்க்கவேண்டும்.

ஊராட்சியினிடம் இத்தொழிலுக்குப் பணம் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமுள்ள அறை ஒன்று வேண்டும். எங்கள் கிராமத்தில் அந்த அறையைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து, உரமூட்டை வைக்க இடமில்லாமல் இருக்கும்போது கம்பி முறுக்க அறையா என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவ்வாண்டு மழையில் சிலருடைய மூட்டைகள் நனைந்துபோயிருந்தன. இறுதியில், ஆடி முதல் கார்த்திகை வரை அறை உரத்துக்கு, தை முதல் ஆனி வரை பெண்களுக்கு என்று தீர்மானம் ஆயிற்று. இடையில் மார்கழியில் வெள்ளையடிப்பு. அவ்வுறுப்பினரின் மருமகள் இப்பொழுது குழுவில் இருக்கிறார்.

பயிற்சி வேண்டுவோர், மாவட்டந்தோறும் முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை அணுகலாம். அங்கே பயிற்சிக்கும் உணவுக்கும் கட்டணமில்லை. கம்பிப் பின்னலே அங்கு இருக்குமென்று சொல்லமுடியாது. செயற்கை நகை செய்யும் பயிற்சி நடக்கும் இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே செல்லுமுன் உங்கள் ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பொற்கொல்லர் எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள்.

எங்கள் குழுவில் இப்போது பதினோரு பேர் இருக்கிறார்கள். முதற்கடன் 2024ஆம் ஆண்டு பங்குனியில் தீர்ந்தது. திரும்பி வந்த இரும்புக் காப்புகளில் ஒன்றைப் பெண்கள் எறியவில்லை. அறையின் நிலைப்படியில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். புதுக்கம்பி வந்ததும் சுருளைப் பிரிக்குமுன், அக்காப்பின் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் காந்தத்தை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். நான் போயிருக்கும் நாள்களில் அதை என் கையில் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள்.